இரட்டை வரிசை

அண்ணன் இடது கையைச் சாப்பாட்டு மேசைமேல் மல்லாத்தி வைத்தான்.

"அளந்துக்கோ பூனை," என்றான்.

சத்தமில்லாமல் நடப்பவள், பேசினாலும் சத்தம் வராதவள் என்பதால் தங்கைக்கு வீட்டில் அந்தப் பெயர். ஒரு தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். எதை அளப்பதற்கு முன்னாலும் கருவியின் பூஜ்யம் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது அங்கே வழக்கம். இப்போது கையிலிருந்தது பிளாஸ்டிக் ஸ்கேல்தான். ஆனாலும் அதன் விளிம்பைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவன் மணிக்கட்டின் மேல் வைத்தாள். தழும்பு நேராக இல்லை, சற்றுச் சரிந்திருந்தது. ரப்பரால் அழுத்தி அழித்த தாள்போல அந்த இடத்தில் மட்டும் தோல் மினுங்கியது. அதை மறைக்கக் கையில் கட்டும் மணிச்சரம் ஒரு வரிசையாக இருந்தால் போதாது, இரண்டு வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது.

"முழுக்கை சட்டை போட்டா போதாதாப்பா?" என்று கேட்டாள்.

"ஞாயித்துக்கிழமை பொண்ணு வீட்டுக்காரங்க முன்னாடி டீ கப்பை எடுக்கறப்ப சட்டை மேல ஏறும்," என்றார் அப்பா. மருந்து மொத்த வியாபாரியிடம் கிடங்குப் பொறுப்பாளர். எந்தப் பெட்டியை எங்கே வைத்தால் வெளியே தெரியாது என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. "வாட்ச் கட்டினா எப்படா கிளம்புவாங்கன்னு மணி பாக்கற மாதிரி இருக்கும்ங்கறா உங்கம்மா. இப்பதான் ஆம்பளைங்க கல்லு, மணின்னு கையில போடறாங்களே. அதுல ஒண்ணு வாங்கு. அர்த்தம் உள்ளதா இருக்கட்டும். கேட்டா சொல்ல ஏதாவது வேணும்."

அண்ணன் சட்டைக்கையை இறக்கிவிட்டு எழுந்தான். டம்ளரில் பாதி டீ அப்படியே இருந்தது.

"எதையும் முழுசா முடிக்கறதில்ல," என்றார் அப்பா.

டீயைத்தான் சொன்னார். ஆனால் சொன்ன பிறகு சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது. அண்ணன் மட்டும் சிரித்தான். நன்றாகவே, தோள் குலுங்கச் சிரித்தான்.

போன வருஷம் அவன் சாகப் பார்த்தான். வீட்டில் யாரும் அதை அப்படிச் சொல்வதில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய அன்றே அம்மா எதிர்வீட்டில் "கதவுக் கண்ணாடி உடைஞ்சு கையில குத்திடுச்சு" என்று சொல்லிவிட்டு வந்தாள். அதிலிருந்து வீட்டுக்குள்ளேயும் அதற்குப் பெயர் கண்ணாடி. கண்ணாடிக்கு முன்னாடி, கண்ணாடிக்கு அப்புறம் என்று காலம் இரண்டாகப் பிரிந்தது. "கண்ணாடி சமயத்துல உங்க பெரியப்பா எட்டிப் பாத்தாரா?" என்று அம்மா உறவுகளைக் கணக்குத் தீர்த்தாள். அந்தச் சொல் இப்படிச் செலவாகிவிட்டதில் நிஜக் கண்ணாடிகளுக்குப் பெயரில்லாமல் போனது. அப்பா பேப்பர் படிக்க உட்கார்ந்தால் மூக்கைத் தொட்டுக் காட்டி "அதை எடு" என்பார். ஏன் செய்தாய் என்று கேட்டதற்கு அண்ணனிடம் காரணம் இல்லை. ஒரு பெண், ஒரு கடன், ஒரு துரோகம் என்று ஏதாவது இருந்திருந்தால் அப்பா அதைத் திட்டியிருப்பார். ஒன்றும் கிடைக்காததால் அவனையே திட்டினார்.

அவன் இப்போது ஒழுங்காக வேலைக்குப் போகிறான். கட்டட நிறுவனம் ஒன்றில் வரைபடம் போடுகிற வேலை. மாத்திரையும் வேளை தவறாமல் போடுகிறான். ஆனால் குளியலறைத் தாழ்ப்பாளைக் கழற்றியது கழற்றியதுதான். அவன் உள்ளே போனால் தங்கை வெளியே நின்று பேச்சுக் கொடுக்க வேண்டும், அவன் பதில் சொல்லிக்கொண்டே குளிக்க வேண்டும். பேச வராதவளுக்கு இது பெரிய வேலை. ஆய்வுக்கூடத்துக்கு அன்று வந்த தண்ணீரைப் பற்றிச் சொல்வாள்.

"இன்னைக்கு ஒரு கிணத்துத் தண்ணி வந்துச்சுண்ணா."

"கலங்கலா?"

"பாத்தா தெளிவா இருந்துச்சு."

"ம்."

அவளுக்கு வெளியூரில் ஆராய்ச்சிப் படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. சேர ஒரு பருவம் அவகாசம் கேட்டு வாங்கி, அதுவும் முடியப் போகிறது. "ஒருத்தி வந்துட்டா அவ பாத்துப்பா, நமக்கும் கொஞ்சம் கண்ணசரலாம்," என்றாள் அம்மா. "அப்புறம் நீ எங்க வேணா போடி." காவலுக்கு ஆள் மாறுவதைத்தான் அம்மா கல்யாணம் என்கிறாள் என்று தங்கைக்குப் புரிந்தது. புரிந்ததும் கோபம் வரும் என்று காத்திருந்தாள். தூக்கம்தான் வந்தது.

கடைக்குக் கிளம்பியபோது அண்ணன் படிக்கட்டு வரை கூட வந்தான்.

"சின்னதா ஒண்ணு வாங்கு பூனை. ஒத்தை வரிசை."

"தழும்பு தெரியுமே."

"தெரியட்டும். நானா ஆரம்பிச்சா வாய் வராது. அவங்க பாத்துட்டுக் கேட்டா சொல்லிடுவேன். கேட்டுட்டு அப்புறமும் சரின்னா சரி." கைப்பிடிக் கம்பியை விரலால் தட்டினான். "மறைச்சுக் கட்டிவச்சு, ஒரு நாள் அவங்களே கழுவறப்பவோ துடைக்கறப்பவோ பாக்கறது... அது வேணாம்."

அவள் தலையாட்டினாள். எல்லாவற்றுக்கும் அவள் அப்படித்தான் தலையாட்டுவாள்.

கடை என்பது இரண்டு துணிக்கடைகளுக்கு நடுவே ஒரு இடுக்கு. சுவர் முழுக்க ஆணிகள், ஆணிகளில் மணிமாலைகள். கடைக்காரர் தன் இரண்டு கைகளிலும் முழங்கை வரை சரக்கை மாட்டியிருந்தார்.

"யாருக்கும்மா? உங்க ஆளுக்கா?"

"அண்ணனுக்கு."

"அண்ணனுக்கா," என்றபோது அவர் முகம் கொஞ்சம் இறங்கியது. உடனே தூக்கிக்கொண்டார். "சரி, என்ன கஷ்டம் அவருக்கு? கஷ்டத்தைச் சொல்லுங்க, நான் கல்லைச் சொல்றேன். கோவத்துக்குப் பச்சை. தூக்கம் வராட்டி ஊதா. பொண்ணு அமையாட்டி ரோஸ், ஆனா ஆம்பளைங்க போட மாட்டாங்க, உள்ள ஒரு மணி மட்டும் சேத்துக் கோத்துத் தரேன், யாருக்கும் தெரியாது. இந்தப் பழுப்புக் கோடு போட்டது தைரியத்துக்கு. கறுப்பு வந்து..."

"எவ்வளவு அகலம் வரும்?"

"அகலமா?"

"மணி."

அவர் அவளை உற்றுப் பார்த்தார். "மனசுக்குப் போடறதை அகலம் பாத்து வாங்கற மொத ஆளு நீங்கதாம்மா."

அவளுக்குக் காது சூடானது. குனிந்து தட்டுகளைப் பார்த்தாள். ஓரத்தில் ஒற்றை வரிசை மர மணிகள் இருந்தன. கடுகைவிடக் கொஞ்சம் பெரியவை, சாயமில்லாதவை. அண்ணன் பள்ளிக்கூடத்தில் பென்சிலைச் சீவி அதன் மரச் சுருளை வாசம் பார்ப்பான். இது அவனுக்குப் பிடிக்கும். கையில் எடுத்துத் தன் மணிக்கட்டில் போட்டுத் திருப்பிப் பார்த்தாள். தோல் நன்றாகத் தெரிந்தது. அந்தப் பெண் பார்ப்பாள். கேட்பாள். அவன் சொல்வான். அவர்கள் எழுந்து போவார்கள். பிறகு இன்னொரு ஞாயிற்றுக்கிழமை, இன்னொரு குடும்பம், குளியலறை வாசலில் இன்னும் எத்தனையோ கிணறுகளின் தண்ணீர்.

மர மணியைத் தட்டில் திருப்பி வைத்தாள்.

"அந்தப் பழுப்பு, பெருசு. ரெண்டு வரிசை," என்றாள்.

"தைரியம்! நல்ல செலக்ஷன்," என்றார் கடைக்காரர்.

வீட்டில் அண்ணன் பெட்டியைத் திறந்து பார்த்தான். கையில் மாட்டிக்கொண்டு, தழும்பு தெரியாதபடி அவனே மணிகளைச் சரிசெய்து, கையை அப்பாவிடம் நீட்டிக் காட்டினான். அப்பா கிடங்கில் பெட்டியைத் திருப்பிப் பார்ப்பதுபோல அந்தக் கையை இப்படியும் அப்படியும் திருப்பினார். "இப்ப யாரு சொல்லுவா!" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை வந்த பெண்ணுக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. பார்வை பரிசோதித்து, முகத்துக்கு ஏற்ற சட்டம் பார்த்துப் பொருத்துகிறவள். தரகர் போனில் அதைச் சொன்னபோது "என்ன கடை?" என்று அம்மா இரண்டு தடவை கேட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். இப்போது எதிரே உட்கார்ந்து அந்தப் பெண்ணின் அம்மா வாய் ஓயாமல் கண்ணாடி, கண்ணாடி என்றாள். இப்போதெல்லாம் பிள்ளைகளுக்குச் சின்ன வயதிலேயே கண்ணாடியாம். கண்ணாடி விஷயத்தில் அலட்சியமே கூடாதாம். ஒவ்வொரு தடவையும் அம்மாவின் கை தானாகத் தாலியைத் தேடிப்போய்த் திரும்பியது. அண்ணனின் மாத்திரைகள் அன்று காலையிலேயே சத்து மாத்திரை டப்பாவுக்கு மாறியிருந்தன. பேச்சு நடுவில் அந்தப் பெண் எழுந்து அப்பாவிடம் வந்தாள்.

"அங்கிள், தப்பா நினைக்காதீங்க. வந்ததுலேர்ந்து பாக்கறேன், உங்க கண்ணாடி ஒரு பக்கம் சாஞ்சிருக்கு." கழற்றி, காதுக்கம்பியைக் கட்டைவிரலால் லேசாக வளைத்து, திரும்ப மாட்டிவிட்டாள். தங்கைக்கு அவளைப் பிடித்துப்போனது. அதனாலேயே அண்ணனின் கைப் பக்கம் பார்க்காமல் இருந்தாள்.

பெரியவர்கள் பேசட்டும் என்று இளையவர்கள் மூவரையும் பால்கனிக்கு அனுப்பினார்கள். தனியாக விட வேண்டாம் என்பதால் தங்கை. துணி காயும் கொடியை அண்ணன் ஓரமாகத் தள்ளிவிட்டு நின்றான்.

"நான் ஓவரா பேசுவேன். இப்பவே சொல்லிடறேன், அப்புறம் ஏமாத்திட்டேன்னு சொல்லக் கூடாது," என்றாள் அந்தப் பெண்.

"நானும் ஒண்ணு சொல்லணும்," என்றான் அண்ணன். வலது கை மணிகளின் மேல் போனது. அவனாகவே ஆரம்பித்துவிட்டான். தங்கை கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"இருங்க, இதை முடிச்சுடறேன், இல்லன்னா மறந்துடுவேன். இதுக்கு முன்னாடி ஒரு எடம் பாத்தோம். பையன் லட்சணமா இருந்தான், நல்ல வேலை. எல்லாம் முடிஞ்சு தேதி குறிக்கப்போற நேரத்துல விசாரிச்சா, மனசுக்கு மாத்திரை போடறானாம்! அவங்க வீட்ல ஒருத்தரும் மூச்சு விடல. எங்கப்பா செருப்பைக்கூடச் சரியா மாட்டாம ஓடி வந்தாரு." அவள் சிரித்தாள். அதில் கெட்ட எண்ணம் ஏதுமில்லை. பேருந்தைத் தவறவிட்ட கதையைச் சொல்வதுபோலத்தான் சொன்னாள். "அம்மா ஒரு வாரம் அழுதா. லைஃப் ஃபுல்லா ஒருத்தன் கையைப் புடிச்சுக்கிட்டே உக்காந்திருக்க முடியுமா, சொல்லுங்க? நல்ல வேளை தப்பிச்சேன். ஆமா, நீங்க என்னமோ சொல்லணும்னீங்களே?"

அண்ணனின் இரண்டு விரல்கள் மணிகளுக்கு அடியில் இருந்தன. அவன் தங்கையைப் பார்த்தான். எத்தனையோ நாள் குளியலறைக் கதவுக்கு அந்தப் பக்கமிருந்து பதில் வரத் தாமதமாகும்போது அவள் எப்படிக் காத்திருப்பாளோ, அப்படி இப்போது அவன் காத்திருந்தான்.

"பிரேஸ்லெட்டைப் பத்திதான்," என்றாள் தங்கை. வெளியாள் முன்னால் தன் குரல் இவ்வளவு தெளிவாக வந்து அவள் கேட்டதில்லை. "நான் வாங்கிக் கொடுத்தேன். தைரியத்துக்குப் போடற கல்லு. அதைச் சொல்லணும்னுதான் சொல்லிட்டிருந்தான்."

"அட! காட்டுங்க."

அவன் காட்டினான். உள்ளங்கை கீழே பார்க்க, கையை உடம்போடு ஒட்டி நீட்டினான். அந்தப் பெண் தலையைச் சாய்த்து, ஒரு கண்ணைச் சுருக்கி, சட்டம் முகத்துக்குப் பொருந்துகிறதா என்று பார்ப்பவள்போலப் பார்த்தாள்.

"உங்க கைக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு. கழட்டவே கழட்டாதீங்க," என்றாள்.

"மாட்டேன்," என்றான் அண்ணன்.

கூடத்துக்குத் திரும்பியபோது அந்தப் பெண் தன் அம்மாவைப் பார்த்துக் கண்ணாலேயே சரி என்றாள். அவள் அப்பா எழுந்து நின்று அப்பாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். அம்மா முந்தானையால் முகத்தை மூடி அழுதாள். பால்கனியில் நடந்ததை அந்தப் பெண்ணே எல்லாருக்கும் சொன்னாள். அப்பா தங்கையின் காதருகே குனிந்து, "பரவால்லடி, நம்ம பூனைக்கும் வாய் இருக்கு," என்றார். அவர் அவளைப் பாராட்டியது நினைவில் இல்லாத அளவுக்குப் பழைய விஷயம். அவளுக்குச் சிரிப்பு வந்தது, அதை அடக்க முடியவில்லை. அண்ணன் காலி டீக் கப்புகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தான்.

வழியனுப்ப எல்லாரும் படிக்கட்டு வாசலுக்கு வந்தார்கள். அவர்கள் ஒரு மாடி இறங்கித் திருப்பத்தை அடைந்தார்கள். அந்தப் பெண் நின்று திரும்பி, மேலே பார்த்துக் கை ஆட்டினாள்.

"டாட்டா காட்டுடா, மரம் மாதிரி நிக்கற," என்று அப்பா அவன் முதுகில் தட்டினார்.

அண்ணன் வலது கையைக் காட்டினான்.

"அது இல்ல, அந்தக் கை!" என்று அவள் கீழிருந்து தன் மணிக்கட்டைத் தொட்டுக் காட்டிச் சிரித்தாள். "தைரியம் இருக்கற கை!"

எல்லாரும் சிரித்தார்கள். அண்ணன் இடது கையைத் தூக்கினான். தோளுக்கு மேல், தலைக்கு மேல், விரல்களை விரித்து, உள்ளங்கை அவளைப் பார்க்கும்படி. சட்டைக்கை சரிந்தது. கனமான மணிகள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு, இரண்டு வரிசையும் மணிக்கட்டைவிட்டு முழங்கைப் பக்கம் இறங்கின.

"கையை எறக்கு," என்றார் அப்பா, சிரித்த முகத்தோடு, பல்லுக்குள்.

அவன் இறக்கவில்லை. அவன் தலைக்கு நேர் மேலே படிக்கட்டு விளக்கு எரிந்தது, அந்த வெளிச்சத்தில் மணிக்கட்டின் தழும்பு மினுங்கியது. கீழே திருப்பத்தில் அந்தப் பெண்ணின் ஒரு கை இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. இன்னொரு கையைப் புருவத்தின் மேல் வைத்து, வெளிச்சம் கூசாதபடி மறைத்துக்கொண்டு, அவள் நிமிர்ந்து பார்த்தாள்.