பாதி வேலையில் எழும்பிப் போகிறவள்

1

இறக்கக்கண்டிக் கரையில் கடை வைத்து, படகிலிருந்து கழற்றிக் கொண்டுவரும் எஞ்சின்களைத் திருத்தும் ஜெனிதாவுக்கு வேலை நன்றாகத் தெரியும். இருந்தும், சில வேளை அவள் திருத்திய எஞ்சின், ஏதோவொரு பாகம் இறுக்கப்படாமலே கடலுக்குப் போய்விடுகிறது. ஏன்? அவளுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. எழுதிப் பார்த்தால் பிடிபடும் என்ற நம்பிக்கையில்தான் இந்தக் கதையைத் தொடங்கினேன்.

முதல் தொடக்கம் இது: ‘ஜெனிதா ஒரு மறதிக்காரி. காலையில் வைத்த சாவியை மாலையில்...’

ஜெனிதாவுக்கு வாசித்துக் காட்டினேன்.

“ஆர் மறதிக்காரி? இந்தக் கரையில எந்த எஞ்சினுக்கு என்ன வருத்தமெண்டு நித்திரையிலயும் சொல்லுவன். வெட்டுங்கோ அதை!”

வெட்டிவிட்டேன். (வெட்டிய தடம் தெரிகிறது. இருக்கட்டும்.)

2

நடந்தது இதுதான். பஹ்மி என்ற மீனவரின் எஞ்சினுக்கு ஜெனிதா பெற்றோல் குழாய் மாற்றிக்கொண்டிருந்தாள். கரையில் இன்னொரு படகு ஸ்டார்ட் ஆகவில்லையென்று தொலைபேசியில் கூப்பிட்டார்கள், ஓடினாள். திரும்பி வந்தபோது பஹ்மி எஞ்சினைத் தூக்கிக்கொண்டு கடலுக்குப் போயிருந்தார். குழாயின் கவ்வி* இறுக்கப்படவில்லை. நடுக்கடலில் எஞ்சின் நின்றது. வேறொரு படகு கட்டி இழுத்து வந்தது.

* கவ்வி என்பது குழாயை அதன் இடத்தில் பிடித்து வைக்கும் சின்ன வளையம். இறுக்காவிட்டாலும் கரையில் எஞ்சின் ஓடும். அலையில் அதிர அதிரத்தான் குழாய் கழன்றுவரும். (இன்னும் விளக்க ஆசைதான். நிறுத்துகிறேன்.)

“உங்கட்ட எஞ்சின் தாறதெண்டா நீந்தவும் பழகோணும் போல,” என்றார் பஹ்மி. “இன்னொருக்கா இப்பிடி நடந்தா டவுனுக்குத்தான் கொண்டுபோவன் அக்கா.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் அவர் போனால் மற்றவர்களும் போவார்கள். ஜெனிதாவுக்குக் கடை இருக்காது.

3

இரண்டு முடிவுகள் எழுதினேன்.

முடிவு அ: ஜெனிதா தொலைபேசியில் அலாரம் வைக்கிறாள். (அவளைப் பாதி வேலையில் எழுப்புவதே அந்தத் தொலைபேசிதான். வேண்டாம்.)

முடிவு ஆ: எழும்பும்போது மீதி வேலையைச் சுவரில் எழுதிவிட்டுப் போகிறாள்.

“கையெல்லாம் கிறீஸ், கரையில சத்தம் போடுறாங்கள். நான் நிண்டு கட்டுரை எழுதவோ?” என்றாள்.

சரிதான். ஞாபகத்துக்காக வைக்கிற கருவியையே ஞாபகம் வைத்திருக்க வேண்டுமென்றால் அது உதவியில்லை, இன்னொரு வேலை.

4

ஆகவே நடந்ததையே காட்சியாக எழுதினேன்: ‘பஹ்மி கடைக்குள் வந்தார். எஞ்சினைப் பார்த்தார். வேலை முடிந்துவிட்டது என்று அவர்...’

பேனா நின்றது. முடிந்ததென்று எப்படி நினைத்தார்? போய் அவரிடமே கேட்டேன்.

“மூடி போட்டிருந்திச்சே!”

இந்தக் கரையின் வழக்கம் அது. எஞ்சினுக்கு மேல்மூடி போட்டிருந்தால் சொந்தக்காரர் தூக்கிக்கொண்டு போகலாம், கேட்கத் தேவையில்லை. ஜெனிதாவோ எழும்பி ஓடும்போதெல்லாம், மண்ணும் உப்புக்காற்றும் படாதிருக்க அதே மூடியைப் போட்டுவிட்டுத்தான் ஓடுகிறாள். திரும்பி வந்தால் அவள் கண்ணுக்கும் அது முடிந்த எஞ்சின்தான். அடுத்ததற்குப் போய்விடுகிறாள்.

எனக்கு ஒரே சந்தோஷம். அவளிடம் ஓடினேன்.

“மறதியில்லை ஜெனிதா. மூடி!”

பக்கத்தில் கிடந்த ஒரு மேல்மூடியை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். “ஓம்... நானே போட்டு நானே ஏமாந்திருக்கிறன். ஆனா திறந்துபோட்டும் போக ஏலாதே, மண் அடிக்கும்.”

“வேறு எதாலாவது மூடினால்?”

மூலையில் கிடந்த வெறும் உரப்பையை இழுத்து எஞ்சினின் தலையில் கவிழ்த்தாள்.

5

அடுத்த கிழமை பஹ்மி மறுபடி எஞ்சின் கொண்டுவந்தார். பாதியில் ஜெனிதாவைக் கரைக்குக் கூப்பிட்டார்கள். நான் கடையில் இருந்தேன். பஹ்மி வந்து பார்த்தார்.

“என்ன இது, கள்ளனைப் பிடிச்சு முகத்தை மூடின மாதிரி?”

எஞ்சினைத் தொடவில்லை. கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

இனி அவர் டவுனுக்குப் போகவே மாட்டாரா என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். என்னிடம் இருப்பது வேலை செய்கிற ஒரு வழி மட்டும்: பாதியில் எழும்பினால் உரப்பை, வேலை முடிந்தால்தான் மூடி.