இரண்டு விரல் சுவடு

பக்கத்து வீட்டுப் பிரபாவதியின் ஸ்கூட்டி மயிலம் ரோட்டில் டவுன் பஸ்ஸை இடதுபக்கமாக முந்தியது. பின்னால் உட்கார்ந்திருந்த கிருஷ்ணவேணி ஒரு கையால் அவள் தோளையும் மறு கையால் துணிப்பையையும் இறுக்கிப் பிடித்திருந்தாள். பையில் பஞ்சும் பழைய வேட்டித் துணியும் இருந்தன.

"ஹாரனை அடிச்சிக்கினே போ பிரபா. நிறுத்தாத."

"நேர்ந்துக்கினா நேர்ந்துக்கினதுதான் அக்கா. நாம போயி இன்னா பண்ண முடியும்?"

சற்று முன் வீட்டைத் துடைக்கும்போது பார்த்ததுதான் வேணியின் கண்ணுக்குள் நின்றது. வாசலிலிருந்து சாமி அறை வரைக்கும் சிவப்புச் சுவடுகள். முதலில் குங்குமம் கொட்டிவிட்டது என்று நினைத்தாள். குனிந்து தொட்டபோது பிசுபிசுத்தது. ரத்தம். இடது கால், இரண்டே விரல். திண்டிவனம் முழுக்கத் தேடினாலும் அப்படிச் சுவடு வைக்க ஒரே ஆள்தான் உண்டு. அவள் புருஷன் சக்கரபாணி.

ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். வடக்கே பனிமலையில் காவல் இருந்த ஒரு குளிர்காலத்தில் கால் விறைத்து, மூன்று விரல்கள் கறுத்து, ராணுவ ஆஸ்பத்திரியில் எடுத்துவிட்டார்கள். மிச்சக் காலைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளச் சொல்லி அனுப்பினார்கள். சின்னக் காயம்தானே என்று விட்டால் சீழ் பிடிக்கும், அப்புறம் காலையே எடுக்க வேண்டி வரும் என்றார்கள். அன்றிலிருந்து வீட்டுக்குள்ளும் ஷூதான். மிலிட்டரி தூங்கும்போதாவது அதைக் கழட்டுமா என்று பிரபாவதியே கேலி செய்வாள்.

கழட்டுவார். அது வேணியின் நேரம். நல்லெண்ணெயைச் சூடாக்கி, காலை மடியில் ஏந்தி அழுத்துவாள். அங்கதான் வேணி, கொஞ்சம் கீழ, ம், இதமா இருக்குது என்பார். அந்தக் குரலைக் கேட்டால்தான் அவளுக்கும் தூக்கம் வரும்.

அந்த மனுஷன் இந்த வருஷம் திரௌபதி அம்மன் கோயில் தீமிதிக்குக் காப்புக் கட்டிக்கொண்டார். காப்புக் கட்டினால் காலில் எதுவும் போடக்கூடாது. வேணி சண்டை போட்டாள், அழுதாள், ஒரு வேளை சோறு பொங்காமல்கூட இருந்தாள். எதற்கு வேண்டுதல் என்று கேட்டதற்கு, சொன்னால் பலிக்காது என்றுவிட்டார். விழுப்புரத்தில் வாக்கப்பட்ட மகள் கலைப்பிரியாவுக்கு ஒரு குழந்தை வேண்டியிருக்கும் என்று தானே முடிவு கட்டிக்கொண்டு வாயை மூடினாள். நெருப்பு சுட்டால் நாலு எட்டில் தாண்டிவிடுவார் என்று மனசைத் தேற்றிக்கொண்டாள்.

ஆனால் காலில் எதுவோ குத்தி, ரத்தம் ஒழுக நடந்து, சாமி கும்பிட்டு, மாலையைப் போட்டுக்கொண்டு சிரித்தபடி கிளம்பியவருக்கு ஒன்றுமே தெரியவில்லை. சுடுகிற கால்தான் ஓடும். சுடாத கால் தணலில் நின்று நிதானமாக நடக்கும். போன் பண்ணலாம் என்றால் அது டிவி மேலேயே கிடந்தது. உணர்ச்சி எப்போது போனது? போன மாசமா, போன வருஷமா? தினமும் தொட்ட கைக்கு எப்படித் தெரியாமல் போனது?

கோயில் வந்தது. வண்டி நிற்கும் முன்பே குதித்தாள். குண்டத்தில் தணலைப் பரப்பிவிட்டார்கள். கரகம் இறங்கிப் போய், மஞ்சள் துணிக்காரர்கள் ஒவ்வொருவராக ஓடிக்கொண்டிருந்தார்கள். சக்கரபாணிக்கு முன்னால் இரண்டே பேர்.

வேணி கயிற்றுக்கு அடியில் நுழைந்தாள். காப்புக் கட்டாமல் யார் உள்ளே வருவது என்று பூசாரி கண்ணையன் அதட்டியதை அவள் காதில் வாங்கவில்லை. நேராகப் புருஷன் முன்னால் போய் மண்ணில் உட்கார்ந்தாள்.

"காலத் தூக்குங்க."

"வேணி, எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும். தூக்குங்க."

ஹவில்தார் தூக்கினார். குதிகாலில் பழுப்புப் பாட்டில் சில்லு ஒன்று முக்கால்வாசி இறங்கியிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள். ரத்தம் அவள் விரல்களில் வழிந்தது. நிமிர்ந்து பார்த்தாள். அவர் பூசாரியைப் பார்த்துச் சங்கடமாகச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"எடுத்துட்டேங்க" என்றாள்.

"எதை?" என்றார் சக்கரபாணி.

கண்ணையன் சில்லைப் பார்த்தார். சக்கரபாணியின் முகத்தைப் பார்த்தார். அதட்டல் இறங்கிப் போயிற்று. "ரத்தக் காயத்தோட எறங்கக் கூடாது மிலிட்டரி. காப்ப அவுத்து ஆத்தா காலடியில வெச்சிட்டுப் போ. அவளுக்குத் தெரியும்" என்றார்.

கோயிலுக்குப் பின்னால் குழாயடியில் உட்கார வைத்து வேணி காலைக் கழுவினாள். ஆஸ்பத்திரிக்குப் போக ஆட்டோ பிடிக்க பிரபாவதி ஓடியிருந்தாள். காப்பை இழந்த மணிக்கட்டைத் தடவியபடி அவர் குண்டத்துப் புகையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்பலேர்ந்து இப்படி?" வேணியின் குரல் உடைந்தது. "நேத்து ராத்திரிகூட அங்கதான் வேணின்னீங்களே."

பஞ்சைக் காயத்தில் வைத்து அழுத்தினாள்.

"கலைப்பிரியாவுக்குத்தான வேண்டிக்கினீங்க? அவளுக்கு எல்லாம் நல்லபடியா நடக்கும். நீங்க நெருப்புல எறங்கினாத்தான்னு இல்ல."

"அவளுக்கு வேண்டிக்கில."

"பின்ன?"

"இந்தக் காலுக்கு." புகையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார். "மலையிலேர்ந்து எறங்கின நாள்லேர்ந்தே செத்த காலு வேணி. ஒரு நாளும் உசுரு இருந்ததில்ல."

அவள் கையில் பஞ்சு அப்படியே நின்றது. எத்தனை ராத்திரி. எத்தனை கிண்ணம் எண்ணெய்.

"அப்ப, கொஞ்சம் கீழன்னு சொல்லுவீங்களே?"

"நீ அழுத்தறப்ப ஒன் தோளு எறங்கும். அதப் பாத்துக்கினு சொல்லுவேன். ஒண்ணும் தெரியலன்னா நீ விட்டுடுவ இல்ல?"

குண்டத்துப் பக்கம் பம்பை முழங்கியது. அவர் திரும்பாமலே கேட்டார்.

"கைய எடுத்துட்டியா?"

"இல்லீங்க. இங்கதான் இருக்குது."

"நெருப்புலயாவது இதுக்கு உசுரு வருமான்னு பாத்தேன்" என்றார் சக்கரபாணி. "ஒரே ஒரு ராத்திரி, கண்ண மூடிக்கினு, ஒன் கை எங்க இருக்குதுன்னு தெரியணும். அதத்தான் வேண்டிக்கினேன்."