சிறைக்காவலன் வீட்டில் குழந்தை இருந்ததா?

1

இந்தக் கதை எனக்கு ஒரு சண்டையிலிருந்து கிடைத்தது. நல்ல சண்டை. எழுத உட்கார்ந்தால் இப்போதும் கை பரபரக்கிறது.

முதல் தொடக்கம்: 'மனைவி இறந்த பிறகு நான்...'

வேண்டாம். 'அவன்' போதும்.

2

பாப்பா பிறந்த அன்றே அவன் மனைவி இறந்துபோனாள். இப்போது பாப்பா தவழ்கிறது.

அவனுடைய அப்பா குழாய் பொருத்துபவர். அவர் சபையில் கைக்குழந்தைக்கே தண்ணீர் தெளித்து ஞானஸ்நானம் கொடுப்பார்கள். மாமனார் பஸ் ஓட்டுநர். அவர் சபையில், வளர்ந்து விசுவாசித்து, வாயால் அறிக்கையிட்ட பிறகுதான், அதுவும் முழுக்கு. நாளை ஞாயிறு பாப்பாவுக்குத் தெளிப்பதாக அப்பா ஏற்பாடு செய்துவிட்டார். மாமனார் தடுக்க வந்திருக்கிறார்.

(வாசகரே, இரண்டு சபைக்கும் வேதம் மட்டுமே ஆதாரம். ஆகவே சாப்பாட்டு மேசையில் ஒரு விதி போட்டார்கள்: வசனம் மட்டும் பேச வேண்டும். பாஸ்டர் சொன்னது, பரம்பரையில் செய்தது, எதுவும் செல்லாது. டீ ஆறும்வரைகூட விதி நிற்கவில்லை.)

3

"கைக்குழந்தைக்கு லைசென்ஸ் குடுப்பாங்களா சம்பந்தி?"

"லைசென்ஸ் இல்லன்னு பஸ்ல ஏத்தாம விட்டுட்டுப் போவீங்களா?"

"ரெண்டு சொட்டு தெளிச்சா ஞானஸ்நானமா?"

"தண்ணி அளவ எங்கிட்ட பேசாதீங்க. அதான் என் பொழப்பே."

"வசனத்தக் காட்டுங்க."

"நீங்களும் காட்டுங்க."

இங்கேதான் எனக்குப் புல்லரிக்கிறது. இரண்டு வேதமும் திறந்தன. இரண்டிலும் ஒரே பக்கம். ஒரே சிறைக்காவலன், தன் வீட்டார் எல்லாரோடும் ஞானஸ்நானம் பெறுகிறான்.

"எல்லாரும்னா குழந்தையுந்தான்," என்றார் அப்பா.

"அடுத்த வரியப் படிங்க. வீட்டாரோட விசுவாசிச்சான்னு இருக்கு. குழந்தை எப்படி விசுவாசிக்கும்?"

பாப்பா மேசையைத் தட்டியது.

"அந்த வீட்ல குழந்தை இருந்துச்சா?" என்று கேட்டான் அவன்.

இருவரும் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு தேடினார்கள்.

"இருந்துச்சுன்னு போடல," என்றார் மாமனார்.

"இல்லன்னும் போடல."

"எம்பொண்ணு இருந்திருந்தா, முழுக்குக்குத்தான்..."

"என் மருமக இருந்திருந்தா..."

"அவளும் ஒண்ணும் சொல்லிட்டுப் போகல," என்றான் அவன். "வசனத்துல இல்லாதத சேர்க்கக் கூடாதுன்னா, அவ பேர்லயும் சேர்க்கக் கூடாது."

டீயின் மேல் ஆடை படிந்திருந்தது.

4

முடிவுகள்.

பாப்பா டம்ளரைத் தலையில் கவிழ்த்துக்கொள்கிறது, தாத்தாக்கள் சிரிக்கிறார்கள். (இந்த முடிவை அடித்துவிட்டேன். அது தெளிப்பா முழுக்கா என்று மறுபடி ஆரம்பிப்பார்கள்.)

மனைவி கனவில் வந்து... (அவள் வருவதில்லை.)

ஞாயிறு காலை. அப்பா ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டிருக்கிறார். மாமனார் வேதத்தைக் கக்கத்தில் இடுக்கி வாசலை அடைத்து நிற்கிறார். பாப்பாவைத் தூக்கிக்கொண்டு அவன் வருகிறான். இருவரும் அவன் முகத்தையே பார்க்கிறார்கள். அவன் வாயைத் திறந்து

எழுதியது இவ்வளவுதான். உங்கள் கையில் இருப்பதும் இந்தப் பக்கம் மட்டும்தான். இதில் இல்லாத ஒன்றையும் சேர்க்காமல் சொல்லுங்கள்: பாப்பாவின் தலை நனைந்ததா?