சுவரைப் பார்த்து உட்கார்ந்த பலசரக்குக்காரர்

ஒரு பேச்சு பாதியில் நிற்பதைப் பூவனலிங்கத்தால் தாங்கவே முடியாது. கோவில்பட்டி மார்க்கெட் ரோட்டில் அவருடைய பலசரக்குக் கடைக்கு வருகிறவர்கள் "அண்ணாச்சி, து..." என்று இழுப்பதற்குள் துவரம்பருப்பு தராசில் ஏறியிருக்கும். எந்த வீட்டில் எது தீர்ந்திருக்கும் என்பதை வருகிறவர் மூஞ்சியைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார். அவருடைய தொழில் சாமர்த்தியம், பெருமை, வியாதி எல்லாம் அதுதான். வீட்டிலும் அதே கதை. மனைவி ராமலட்சுமி ஆரம்பிக்கிற சண்டையைக்கூட அவரே பேசி முடித்து, அவரே தோற்றும் போவார்.

இப்பேர்ப்பட்ட மனிதர், வாசிக்கத் திணறும் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமை காலையில் சம்பளமில்லாத வாத்தியாராகப் போனதற்குக் காரணம் ராமலட்சுமிதான்.

"வாரத்துல ஒரு நேரம் அங்க போயி பேசிட்டு வாங்க. எங்க காது கொஞ்சம் ஆறட்டும்," என்றாள்.

போன பிறகுதான் தெரிந்தது, அங்கே வேலையே பேசாமல் இருப்பதுதான்.

வாசிப்பு மையத்தை நடத்தும் இசக்கிச்செல்வி டீச்சர் முதல் நாளே சொல்லிவிட்டார். "இந்தப் பிள்ளைகளுக்கு டிஸ்லெக்ஸியா அண்ணாச்சி. அறிவுல ஒரு குறையும் கிடையாது. எழுத்தப் பாத்து, அதுக்கான சத்தத்தப் பிடிச்சு, சேத்துச் சொல்லதுக்கு நம்மளவிட நேரம் பிடிக்கும். பிள்ளை எங்க நிக்கோ அங்கன நீங்களும் நில்லுங்க. வார்த்தைய மட்டும் எடுத்துக்..."

"குடுக்கக் கூடாது. அதுக்கென்ன டீச்சர், பேசவே மாட்டேன்," என்றார் பூவனலிங்கம்.

டீச்சர் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு சந்தனமாரியை அவரிடம் ஒப்படைத்தார்.

சந்தனமாரி பசுவந்தனையிலிருந்து அம்மாவோடு பஸ்ஸில் வருவாள். ஐந்தாம் வகுப்பு. கேள்வி கேட்டால் பட்டுப் பட்டென்று பதில் சொல்கிற பிள்ளை, புத்தகத்தைக் கையில் கொடுத்தால் மட்டும் தன் கால் விரலைப் பார்க்க ஆரம்பித்துவிடும். அவள் அவரை "சார்" என்று கூப்பிட்டாள். பிறந்ததிலிருந்து தம்பியாகவும் அண்ணாச்சியாகவும் மட்டுமே இருந்தவருக்கு அது போதுமானதாக இருந்தது. அன்று கடைக்குத் திரும்பியபோது சட்டையை உள்ளே விட்டுக்கொண்டார்.

அதன்பிறகு மனிதர் இறங்கி வேலை பார்த்தார். கடையிலிருந்து ரவை கொண்டுபோய்த் தட்டில் பரப்பி, ஒவ்வொரு எழுத்தையும் விரலால் எழுதியபடியே சத்தத்தைச் சொல்ல வைத்தார். அட்டையில் சின்ன ஜன்னல் வெட்டி, ஒரு நேரத்தில் ஒரு வார்த்தை மட்டும் தெரிகிறமாதிரி வரிமேல் வைத்தார். வார்த்தையை எடுத்துக் கொடுத்துவிடக் கூடாதே என்று கடைவாயில் ஒரு கட்டி பனங்கற்கண்டை அடக்கிக்கொண்டார். கால்தான் மேஜைக்குக் கீழே தையல் மெஷின் மிதித்துக்கொண்டிருக்கும்.

பிள்ளை தேறினாள். வாரத்துக்கு வாரம் வேகமானாள். சீரகம் வாங்க வந்தவர்களெல்லாம் சந்தனமாரியின் வாசிப்பைப் பற்றிக் கேட்டுவிட்டுத்தான் சீரகத்தோடு போக முடிந்தது.

இந்த நேரத்தில்தான் அவளுடைய அப்பா வெயிலுமுத்து போன் செய்தார்.

"அண்ணாச்சி, மிளகா பழுத்து நிக்கி. பறிக்க ஆளு கிடைக்கல. சனிக்கிழமையானா இவளும் இவ அம்மையும் அங்க வந்துருதாவ. வாசிப்ப நிப்பாட்டிருவோம்னு பாக்கேன்."

"நிப்பாட்டதாவது. பிள்ளை தண்ணி மாதிரி வாசிக்கா. வார சனிக்கிழமை நீங்களே வந்து கேளுங்க. சரியில்லைன்னா அப்பவே கூட்டிட்டுப் போயிருங்க. நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன்."

தான் ஒரு வார்த்தை பேசாமல் இருப்பேன் என்று பூவனலிங்கம் வாக்குக் கொடுத்தது இது இரண்டாவது முறை.

கற்கண்டு தன் வேலையைக் காட்டியது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் கடைவாய்ப் பல்லைப் பிடுங்க வேண்டியதாயிற்று. சனிக்கிழமை காலை, ஒரு பக்கக் கன்னம் பன்னாக வீங்கியிருக்க, வெட்கப்பட்டு மூக்குவரைக்கும் துண்டைச் சுற்றிக்கொண்டு மையத்தில் வந்து உட்கார்ந்தார். வெயிலுமுத்து மண்டிக்கடையில் மிளகாய் வற்றல் விலை விசாரித்துவிட்டுப் பின்னால் வருவதாக ஏற்பாடு. அதற்குள் ஒருதரம் வாசித்துப் பார்ப்போம் என்று புத்தகத்தைத் திறந்தார்கள்.

சந்தனமாரி புத்தகத்தைப் பார்த்தாள். துண்டைப் பார்த்தாள். மறுபடி புத்தகத்தைப் பார்த்தாள்.

"ம..." என்றாள். நின்றாள். பிறகு துண்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பக்கத்து மேஜையிலிருந்த இசக்கிச்செல்வி டீச்சர் எழுந்து வந்தார். "அண்ணாச்சி, பிள்ளை இவ்வளவு நாளும் புத்தகத்த வாசிக்கல. உங்க மூஞ்சிய வாசிச்சிருக்கா."

பூவனலிங்கம் துண்டை இறக்கினார். "ஏட்டி, நெசமாவா?"

"நீங்கதான சார் சொல்லுதீங்க," என்றாள் அவள், பழியெல்லாம் அவர்மேல்தான் என்பதுபோல. "வாயில கற்கண்டு கிடந்தாலும் உதடு சொல்லிருது. புருவம் ஏறுனா சரி. கண்ண மூடுனா தப்பு. புத்தகத்தவிட உங்க மூஞ்சி லேசு சார்."

இத்தனை வருடம் ஊர் மூஞ்சியை வாசித்து வியாபாரம் பண்ணிய மனிதரை ஒரு பிள்ளை உட்கார வைத்து வாசித்திருக்கிறது. வேறு நாளாக இருந்தால் அவளைக் கடையில் வேலைக்கு வைத்துக்கொள்ளத் தோன்றியிருக்கும். இன்றைக்கு அவர் எழுந்து வாசலுக்குப் போனார், திரும்பி வந்தார், மறுபடியும் போனார். மையம் லீவு என்று வெயிலுமுத்துவுக்குப் போன் போட்டுவிடலாமா என்று கேட்டார்.

"பிள்ளைக்கும் கொஞ்சம் வந்திருக்கும். எவ்வளவுன்னு யாருக்குத் தெரியும்? நீங்கதான் பாக்கவே விடலியே," என்றார் டீச்சர்.

"எங்கப்பா நிப்பாட்டிருவாவ," என்றாள் சந்தனமாரி, கால் விரலிடம். பிறகு நிமிர்ந்தாள். "சார், நீங்க அங்கிட்டு திரும்பி உக்காருங்க. மூஞ்சி இருந்தா நான் பாத்துருவேன்."

வெயிலுமுத்து வந்தபோது அவரோடு மிளகாய் நெடியும் வந்து, நாலு பிள்ளைகள் தும்மினார்கள். பூவனலிங்கம் துண்டை மறுபடி மூக்குவரை ஏற்றிக்கொண்டு பேசினார். "தண்ணி மாதிரி வாசிக்கான்னு சொன்னேன்லா. அது நம்ம ஊருக் குழாய்த் தண்ணி. சொட்டுச் சொட்டாத்தான் வரும். கோளாறு பிள்ளைட்ட இல்ல, என்ட்ட. பொறுத்துக் கேளுங்க."

சொல்லிவிட்டு நாற்காலியைத் திருப்பிப் போட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். பச்சைச் சுவர். அதில் ஒரு பல்லி, அதுவும் அவரைப்போலவே எதற்கோ காத்துக்கொண்டு.

டீச்சர் யாரும் வாசித்திராத புதுப் புத்தகத்தை எடுத்து வந்தார். முதுகுக்குப் பின்னால் அட்டை நகரும் சத்தம் கேட்டது.

"பூ... னை. பூனை."

பூவனலிங்கம் மூச்சு விட்டார்.

"பா... லை... க். பாலைக்."

குடித்தது, என்றது அவர் மனது. பூனை பாலை வேறென்ன செய்யும்? பல் போன குழிக்குள் நாக்கு அந்த வார்த்தையை உருட்டிக்கொண்டிருந்தது. குடித்தது. சொல்லு தாயி. குடித்தது. கால் தானாக மிதிக்க ஆரம்பித்தது. சத்தமே இல்லை. வெளியே ஒரு பஸ் ஹாரன் அடித்துவிட்டுப் போயிற்று. பின்னால் அவள் விரல் ரவைத் தட்டில் எதையோ எழுதிப் பார்க்கும் சரசரப்பு.

"எடுத்துக் குடுங்களேன் அண்ணாச்சி. பிள்ளை முழிக்கி," என்றார் வெயிலுமுத்து.

பூவனலிங்கம் சுவரைப் பார்த்தபடியே தலையை ஆட்டினார். துண்டின் முனையைப் பல்லில் கடித்துக்கொண்டார், பல் பிடுங்காத பக்கம்.

"கொ..." என்றாள் சந்தனமாரி.

போச்சு. கொ இல்லை, கு. அவருக்குக் கழுத்து திரும்பப் பார்த்தது. கழுத்தைக் கையால் பிடித்துக்கொண்டார்.

"கொ... ட்... டி... கொட்டி... யது. கொட்டியது. பூனை பாலைக் கொட்டியது."

எல்லாம் முடிந்தது, தன் வாயால் ஒரு பிள்ளையின் வாசிப்பைக் கெடுத்தாயிற்று என்று பூவனலிங்கம் பல்லியிடம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தபோது, வெயிலுமுத்து குனிந்து பக்கத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"கொட்டியதுன்னுதான் போட்டிருக்கு."

பூவனலிங்கத்துக்குத் துண்டுக்குள் கண் கலங்கியது. மிளகாய் நெடி என்று வைத்துக்கொண்டார். தான் வாசித்திருந்தால் தப்பாக வாசித்திருப்போம் என்பது அப்புறம்தான் உறைத்தது.

அவள் இன்னும் இரண்டு வரி வாசித்தாள். அதற்குள் வெளியே இரண்டு பஸ் போய்விட்டது.

"எம்மா நேரம்," என்றார் வெயிலுமுத்து. மகளைப் பார்த்தார், ரவையில் கிடந்த எழுத்தைப் பார்த்தார், மறுபடி மகளைப் பார்த்தார். பிறகு டீச்சரிடம் திரும்பினார். "காலைல கொஞ்சம் மிளகாப்பழம் எடுத்துட்டு மத்தியான பஸ்ஸுல அனுப்பி வச்சா, நீங்க இருப்பீ..."

"இருப்பாவ," என்றார் சுவர்ப் பக்கத்திலிருந்து பூவனலிங்கம்.

"சார், அடுத்த வாரமும் அங்கிட்டே திரும்பி உக்காருங்க," என்றாள் சந்தனமாரி.

சாயங்காலம் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ராமலட்சுமி வந்துவிட்டாள். "என்ன ஆச்சு? அந்தப் பிள்ளையோட அப்பா வந்து..." என்று இழுத்தாள்.

பூவனலிங்கம் அவளைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவள் முடிக்கட்டும் என்று காத்திருந்தார். கால் மட்டும் தரையில் தட்டிக்கொண்டிருந்தது.

ராமலட்சுமி பயந்துபோய் அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

"ஏன் பேசாம நிக்கிய? பல்லு ரொம்ப வலிக்கோ?"