தலைகீழாய்ப் பிடித்த கோழி

இந்தக் காலத்து ஜனங்களுக்குக் கூச்சம் என்பதே விட்டுப்போயிற்று. அடுத்தவன் வீட்டுக் கதவு திறந்திருந்தால் போதும். செருப்பை ஓரமாகக் கழற்றிவிட்டு உள்ளே நுழைந்து, கேட்காத யோசனையெல்லாம் சொல்லி, கொடுத்த டீயையும் குடித்துவிட்டுத்தான் நகர்கிறார்கள். காதர் இப்படிப் பொருமியதெல்லாம் மாடியில் புதிதாகக் குடிவந்த ஷரஃபுதீனை மனத்தில் வைத்துத்தான்.

ராயப்பேட்டை மார்க்கெட்டுக்குப் பின்னால் இருக்கும் அந்தச் சந்தில் கோழி வளர்க்கிறவர்கள் எல்லாம் காதரிடம்தான் வருவார்கள். மெத்தை தைத்துக் காய்ப்பேறிய கை அவருடையது. பருவத்துக்கு வராத கோழியின் இரண்டு காலையும் சேர்த்துப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கவிடுவார். தலையைத் தூக்கிச் சிலுப்பினால் சேவல், துவண்டு தொங்கினால் பெட்டை. கணக்கு தப்பிப்போனதும் உண்டு. கொண்டுபோனவன் வழியில் கோழியை மாற்றியிருப்பான் என்று அடித்துச் சொல்லிவிடுவார்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. மருமகன் கோட்டூர்புரத்திலிருந்து விருந்துக்கு வருகிறார். காதரின் மனைவி ஜைதூன் பீ சேவலைத்தான் அறுக்க விடுவாள்; முட்டை வைக்கிற ஜீவன் மேல் கத்தி படக்கூடாது அவளுக்கு. வளர்ந்து நிற்கிற குஞ்சுகளில் சிவப்புதான் சேவல் என்று காதர் சொல்லியிருந்தார். அதைப் பிடித்துக் கையில் வைத்துக்கொண்டு கறிக்கடைக்குக் கிளம்பும்போதுதான் ஷரஃபுதீன் மாடியிலிருந்து இறங்கி வந்தான்.

"ஆபா, ஒரு நிமிசம். நா ஒருதபா பாத்துர்றேன்."

ஆபாவாம். அக்கா என்று கூப்பிடுகிறவன் கோழி பார்க்க வரும்போது அத்தர் பூசிக்கொண்டு வருவானேன்? தேனாம்பேட்டையில் மூக்குக் கண்ணாடி விற்கிறவனுக்குக் கோழியைப் பற்றி என்ன தெரியும்? இதையெல்லாம் வாய்விட்டுக் கேட்பதற்குள் ஜைதூன் பீ கோழியை அவர் கையிலிருந்து வாங்கி அவனிடம் கொடுத்துவிட்டாள்.

ஷரஃபுதீன் துவைக்கிற கல்லில் உட்கார்ந்து கோழியை மடியில் வைத்துக்கொண்டான். முதுகு முடிந்து வால் தொடங்கும் இடத்தில் இறகை விலக்கினான்.

"இங்க பாருங்க ஆபா. சேவலா இருந்தா இந்த எடத்துல எறகு கூரா, நீட்டா, பளபளன்னு தொங்கும். இதுக்கு முனையெல்லாம் உருண்டையா கீது. பெட்டைதான், வெடக்கோழி."

ஜைதூன் பீ குனிந்து பார்த்தாள். இறகின் முனை கூரா உருண்டையா என்பது காதருக்குத் தெரியவில்லை. அவன் தலைக்கும் அவள் முக்காட்டுக்கும் நடுவே எவ்வளவு இடம் இருக்கிறது என்பதுதான் தெரிந்தது.

"கொண்டை இம்மாம் செவப்பா கீதே, அது இன்னா?" என்றார்.

"சில பெட்டைக்கு சீக்கிரமே செவந்துரும் பாய். அந்த வெள்ளையப் பாருங்க. மத்ததுங்க கொத்தி கொத்தி அது அடங்கிக் கெடக்குது, அதான் கொண்டை ஏறல. ஆனா எறகு கூரா கீது. அதான் சேவல்."

"அது பெட்டை. தொங்க வுட்டுப் பாத்தேன், துணியாட்டம் தொங்கிச்சு."

"பயந்த கோழி எதுவா இருந்தாலும் அப்டித்தான் பாய் தொங்கும்."

காதர் மனைவியின் பக்கம் திரும்பினார். "இத்தினி வருசமா என் பேச்சக் கேட்டுத்தான அறுத்த? இன்னிக்கி இன்னா புச்சா மாடி வூட்டுக்காரன் வந்து சொல்லணும்?"

ஜைதூன் பீ கோழியைப் பார்த்தபடியே சொன்னாள்.

"போன பெருநாளைக்கி நீங்க சேவல்னு சொன்னதத்தான் அறுத்துக்கினு வந்தீங்க. வவுத்துக்குள்ள முட்டைக் கொத்து இருந்துது. உங்களாண்ட சொல்லல. வேணாம்னு வுட்டுட்டேன்."

காதர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. ஷரஃபுதீனைத்தான் பார்த்தார். அவன் ஆச்சரியப்படவில்லை. தலையைக் குனிந்துகொண்டு கோழியின் முதுகைத் தடவிக்கொண்டிருந்தான். ஏற்கெனவே கேட்ட சங்கதியை மறுபடி கேட்கிறவன்தான் அப்படி உட்காருவான். புருஷனிடம் மறைத்ததை அவனிடம் என்றைக்குச் சொன்னாள்? எந்த டீயோடு சொன்னாள்?

"உன்னாண்ட சொன்னாளா?" என்றார்.

"பேச்சுவாக்குல வந்துது பாய். தப்பா எடுத்துக்காதீங்க."

"பேச்சுவாக்குல," என்றார் காதர். "உனக்கு பேச்சுவாக்குல வருது. எனக்கு வரல."

"சொன்னா ஒத்துக்குவீங்களா?" என்று ஜைதூன் பீ கேட்டாள். "கோழிய மாத்திட்டான்னு கறிக்கடைக்காரனாண்ட சண்டைக்கிப் போயிருப்பீங்க."

அப்போது, மூலையில் தண்ணீர் டிரம்முக்குப் பக்கத்தில் ஒதுங்கி நின்ற வெள்ளை, கழுத்தை நீட்டிக் கரகரவென்று ஒரு சத்தம் போட்டது. பாதியில் உடைந்துபோனாலும் கூவல் கூவல்தான். ஷரஃபுதீன் நிமிராமல் மடியிலிருந்த கோழியின் இறகை நீவினான். அவன் சிரித்திருந்தால்கூடக் காதர் தாங்கிக்கொண்டிருப்பார்.

"சளி புடிச்சிக்கீது," என்றார். "மஞ்சத் தண்ணி குடு."

ஜைதூன் பீ சிவப்பை அவன் மடியிலிருந்து வாங்கிக் கூடையால் கவிழ்த்து மூடினாள். வெள்ளையை மடக்கிப் பிடித்து, இறக்கையைச் சேர்த்து, ஷரஃபுதீனிடம் நீட்டினாள்.

"தம்பி, நீங்களே கடையில குடுத்து அறுத்துக்கினு வந்துருங்க. மருமவன் வர்ற நேரமாச்சி."

இத்தனை வருஷத்தில் அந்த வீட்டுக் கோழி காதர் கையில்தான் கடைக்குப் போயிருக்கிறது. அவன் வாங்கிக்கொள்ளத் தயங்கினான். அவள் கையை மடக்கவில்லை. வாங்கிக்கொண்டான்.

காதர் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தார்.

"எங்க போறீங்க? சாப்பாட்டு நேரத்துக்கு வந்துருங்க," என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

"உருண்டையாம், கூராம்," என்று சந்துக்குச் சொன்னார். "செவப்புதான் சேவல்."

மார்க்கெட் பக்கம் நடந்தார். திரும்பிப் பார்க்கவில்லை.