பச்சைக்கோட்டு விரிப்புகள்

1

ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை ஒரு சலவைத் தொழிற்சாலையின் தேநீர் இடைவேளையில் என் காதில் விழுந்த வாக்கியத்திலிருந்து பிறந்தது: "சனிக்கிழமை வேலை வேணுமோ வேண்டாமோ எண்டு எங்களையே கேக்கினமாம்."

முதல் தொடக்கம்: ஜேர்மனியின் டார்ம்ஸ்டாட் நகரில் மழை பெய்துகொண்டி—

வேண்டாம். மழையில் தொடங்கிய கதைகள் போதும்.

2

மக்டலீன் மன்னார்க்காரி. அந்தச் சலவைத் தொழிற்சாலையில் மருத்துவமனைக் கட்டில் விரிப்புகளைப் பதினெட்டு வருடமாக மடிக்கிறாள். ஒவ்வொரு மருத்துவமனைக்கும் விரிப்பின் ஓரத்தில் ஒரு நிறக்கோடு. எல்லாவற்றிலும் பெரிய மருத்துவமனைக்குப் பச்சை. மூன்று வாரமாகப் பச்சை வரவில்லை. அந்த மருத்துவமனையின் ஒப்பந்தம் கைவிட்டுப் போய்விட்டதோ என்று அவளுக்குச் சந்தேகம்.

வெள்ளிக்கிழமை வாக்கெடுப்பு. சனிக்கிழமை வேலையை நிறுத்தினால் ஓய்வு என்கிறது அறிவித்தல். சம்பளமும் குறையும், மக்டலீனுக்கு வாடகை கட்டவே இடிக்கும். நிர்வாகம் வேலையைக் குறைத்தால் ஈடு கேட்டுச் சண்டை பிடிக்கலாம். தாங்களே கைதூக்கிக் குறைத்தால் யாரிடம் போய்க் கேட்பது?

3

நிர்வாகத்தோடு பேசத் தொழிலாளர்கள் தேர்ந்தெடுத்த தொழிலாளர் சபையில் இருக்கும் ஒரே தமிழன் றொனால்ட். அவனைக் கன்ரீனில் மறித்தாள்.

"தம்பி, பச்சைக்கோடு எங்க?"

இங்கே அவன் எல்லாவற்றையும் கொட்டிவிடுவதாக எழுதினேன். ஆள் மசியவில்லை. நிர்வாகத்தின் இரகசியம் காக்கக் கையெழுத்து வைத்தவன். எழுதியதை அடித்துவிட்டுத் திரும்ப எழுதினேன்.

"அக்கா, அதைச் சொல்ல எனக்கு ஏலாது."

"ஏலாதெண்டா, சொல்ல ஒண்டு இருக்குத்தானே?"

அவன் கோப்பியைக் கலக்கிக்கொண்டே இருந்தான்.

(இவனைக் கோழை என்று எழுத என் கை துறுதுறுத்தது. ஆனால் ‘ஒண்டுமில்லை அக்கா’ என்று ஒரு பொய் சொல்லித் தப்பியிருக்கலாம். சொல்லவில்லையே.)

4

கூட்டம். "சனிக்கிழமை ஓய்வு வேண்டுபவர்கள்?" என்றார் முகாமையாளர். பாதிக் கைகள் மேலே போய்விட்டன. மக்டலீன் எழுந்து, தனக்குத் தெரிந்த டொச் மொழியில், நிறுத்தி நிதானமாகக் கேட்டாள்: "பச்சைக்கோட்டு விரிப்பு இனி வருமா? அதைச் சொன்ன பிறகு கை தூக்குகிறோம்."

சில கைகள் இறங்கின.

முடிவு அ: முகாமையாளர் உண்மையை ஒப்புக்கொள்கிறார்.
முடிவு ஆ: அடுத்த மாதம் மக்டலீனை—

5

நிறுத்துகிறேன். முதல் வரைவில் இந்த இரண்டு முடிவையும் உங்கள் முன் வைத்து, ‘நீங்களே தேர்ந்தெடுங்கள்’ என்று பெரிய மனதோடு எழுதியிருந்தேன். பச்சைக்கோடு ஏன் முக்கியம் என்று அதில் ஒரு சொல்லும் இல்லை. முகாமையாளர் செய்த அதே வேலை. வெட்கமாகப் போய்விட்டது. இரண்டாம் பகுதியைப் பிறகுதான் சேர்த்தேன்.

இப்போது அவளுக்குத் தெரிந்ததெல்லாம் உங்களுக்கும் தெரியும். முகாமையாளர் இன்னும் வாய் திறக்கவில்லை. றொனால்ட் தலை நிமிர்ந்து அவளைப் பார்க்கிறான். மக்டலீன் உட்காரவில்லை.

உங்கள் கை எங்கே இருக்கிறது?