சங்கிலி அண்ணன் முதுகு

கன்னிவாடி சினிமாக் கொட்டகையில் பெண்கள் வாசலில் டிக்கெட் கிழிப்பது என் வேலை. வாசல் அஞ்சடி, உள்ளே நூற்றிருபது பேர் என்று லைசென்சில் போட்டிருந்தது. ஐம்பத்தெட்டாம் வருசத் தீபாவளிக்கு முதலாளி உடையப்பன் அந்த அஞ்சடியில் மூன்றடியைச் சோடா, கலர் பெட்டிகளை அடுக்கி அடைத்துவிட்டார். "பொம்பளைக ஒடுங்கிக்கிருவாக, விடு ஒச்சம்மா" என்றார். நானும் இளித்துக்கொண்டு இருநூறுக்கு மேல் உள்ளே விட்டேன். என் மகள் மாயம்மாளையும் விட்டேன், எட்டு மாத வயிற்றோடு. என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

படம் தொடங்கிச் செத்த நேரத்தில் எங்கிருந்தோ வந்த வாணம் ஒன்று பெண்கள் பக்கக் கீற்றுக் கூரையில் விழுந்து பற்றிக்கொண்டது. அத்தனை பேரும் அந்த இரண்டடிச் சந்துக்கே பாய்ந்தார்கள். முன்னால் வந்தவர்கள் சிக்கிக்கொண்டார்கள். பெட்டிகளைப் பிடித்து இழுத்தேன். உள்ளிருந்து நெருக்கியதில் ஒன்றுகூட அசையவில்லை.

ஆண்கள் வாசல் வழியாக உள்ளே ஓடினேன். அந்தப் பக்கம் பாதி காலி. நடுவில் நெஞ்சளவு மண்சுவர். பெண்கள் அதில் சாய்ந்து இருமினார்களே தவிர, ஒருத்தியும் தாண்டவில்லை. ஆம்பளைப் பக்கமாம்! அடிப்பாவிகளா!

மாயம்மாள் சுவரோரம்தான் நின்றாள். "ஏறுடி!" என்று கத்தினேன்.

"மாமா நிக்கிறாகம்மா" என்று முந்தானையை இழுத்துப் போர்த்தினாள். அவள் மாமனார் சங்கிலி, மருமகளைத் தேடிச் சுவருக்கு இந்தப் பக்கம் வந்து நின்றிருந்தார். அவர் எதிரே அவள் உட்கார்ந்ததுகூட இல்லை.

எரிந்த கீற்று கொத்தாக விழுந்தது. சங்கிலி அண்ணன் சட்டென்று திரும்பி, சுவரோடு ஒட்டிக் குனிந்தார்.

"நான் பாக்கல தாயி. முதுகுல கால வச்சு எறங்கு."

"அய்யோ மாமா, மாட்டேன்!"

"வயித்துல இருக்கது என் பேரன். மிதி ஆத்தா!"

பின்னால் நின்றவர்கள் தூக்கிவிட, அழுதுகொண்டே மிதித்து இறங்கினாள். அதைப் பார்த்த பிறகுதான் மற்றவர்களுக்குப் புத்தி வந்தது. ஒருத்தி பின் ஒருத்தியாக அதே முதுகில் இறங்கினார்கள். நெருக்கம் குறைந்ததும் வாசலில் சிக்கியவர்களும் வெளியே வந்துவிட்டார்கள். கூரை சரிந்தபோது உள்ளே யாரும் இல்லை.

மறு வாரம் உடையப்பன் கொத்தனாரோடு வந்தார். "பொம்பளைக தாண்டிப் பழகிட்டாக. செவத்த ரெண்டு முழம் ஒசத்தணும்."

என்னோடு வந்திருந்த சங்கிலி அண்ணன் மேல்துண்டை எடுத்துவிட்டுச் சுவரோரம் குனிந்தார். முதுகெல்லாம் கன்றிப்போய்க் கிடந்தது.

"என் முதுகு இம்புட்டுத்தேன் ஒசரம். இதுக்கு மேல கட்டணும்னா, நடுவுல ஒரு வாசல வச்சுட்டுக் கட்டுங்க."

கொத்தனார் முதலாளியின் முகத்தைப் பார்க்கவில்லை. கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, சுவரில் அஞ்சடி அளக்க ஆரம்பித்தார்.